எந்த ராகம் கேட்பது?

அன்புள்ள அக்கா,

எனக்கு இது ஏழாம் மாதம். தினமும் ஒரு மணி நேரம் மொசார்ட் என்ற மேற்கத்திய இசைமேதையின் இசையும் வீணையும் கேட்டால் குழந்தையின் மூளை நன்றாக வளரும் என்று என் கணவர் போனில் போட்டுத் தந்த ஆப் சொல்கிறது. வயிற்றில் வைக்க ஒரு ஸ்பீக்கரும் வாங்கியாயிற்று. எனக்கோ பத்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. பழைய சினிமாப் பாட்டுதான் பிடிக்கும். ஒரு நாள் விட்டால்கூடப் பிள்ளைக்குக் குறை வைக்கிறோமோ என்று அழுகை வருகிறது.

- பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. மொசார்ட் பேச்சு கிளம்பியது 1993இல், கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்விலிருந்து. அதில் பாட்டுக் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒருவகைப் புதிரில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்தில் போய்விட்டது. வயிற்றுப் பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொல்லிக் கர்ப்பிணிகளைப் பயமுறுத்துவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

ஸ்பீக்கரை எடுத்து வைத்துவிடுங்கள். வயிற்றோடு ஒட்டி வைத்தால் உள்ளே எவ்வளவு சத்தம் போகிறது என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது.

அது தேவையும் இல்லை. ஏழாம் மாதத்தில் பிள்ளைக்குக் காது கேட்கும். வெளிச்சத்தம் மங்கலாகத்தான் போகும், உங்கள் குரலோ உடம்பு வழியாகவே போய்ச் சேரும். 1980இல் அமெரிக்காவில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவிதமாகச் சப்பினால் அம்மாவின் குரல், வேறுவிதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் சப்பும் விதத்தை மாற்றி அம்மாவின் குரலையே அதிகம் வரவழைத்தன. எனக்கு இதைவிடப் பிடித்த ஆய்வு வேறில்லை.

அதனால் உங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டையே பாடுங்கள். சுருதி சேராவிட்டால் என்ன? சமைக்கும்போது முணுமுணுத்தாலும் போதும். பாட்டு முதலில் உங்களுக்காக. உங்கள் மனசு இளகட்டும். உங்கள் கணவரையும் கூடப் பாடச் சொல்லுங்கள். அவரும் ஆசையில்தான் அந்த ஸ்பீக்கரை வாங்கியிருப்பார். பிரசவத்துக்கு அப்புறமும் விடாதீர்கள். லண்டனில் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்த தாய்மார்கள், கைக்குழந்தைகளோடு 10 வாரம் கூடிப் பாடினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட அவர்கள் சீக்கிரம் தேறியதாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாட்டைப் பற்றிய கவலை மட்டும்தானா? இரண்டு வாரமாகவே மனசு கனத்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.