ராத்திரி எழுந்து போகிறீர்களா? குரோன்ஸ் நோய் பற்றிக் கேள்வி பதில்

குடலில் அழற்சியும் புண்ணும் வந்து நாள்பட நீடிக்கும் நோய்தான் குரோன்ஸ். எனக்கு அது இருப்பது தெரிந்து 16 வருடம் ஆகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 30 சென்டிமீட்டர் வெட்டி எடுத்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. புதிதாக இந்த நோய் வந்து பயந்துபோய் இருப்பவர்களோடு பல வருடமாகப் பேசி வருகிறேன். அந்த அனுபவத்தையும், என் டாக்டர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. ஐந்து மாதமாக ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை வயிற்றால் போகிறது. ஐ.பி.எஸ். என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இது குரோன்ஸாக இருக்குமா?

தம்பி, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போகிறீர்களா? யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஐ.பி.எஸ். என்பது குடலில் புண் இல்லாமலே வரும் வயிற்றுத் தொல்லை. அது பெரும்பாலும் ஆள் தூங்கிவிட்டால் அடங்கிவிடும். குடலில் புண் இருந்தால் அதற்கு ராத்திரி பகல் கிடையாது. அடுத்து, பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்ததா? சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கிறதா? வலது பக்க அடிவயிற்றில் வலி, திரும்பத் திரும்ப வாய்ப்புண், மூட்டுவலி, கண் சிவந்து வலிப்பது, முழங்காலுக்குக் கீழே சிவந்த கட்டிகள், மலத்தில் ரத்தம் என்று எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். கண்ணுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து நான் ஒரு வருடம் சொல்லாமலே இருந்தேன். சம்பந்தம் இருக்கிறது.

ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி.யும் பாருங்கள். மலத்தில் கால்புரொடெக்டின் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, அதையும் கேளுங்கள். அது 50க்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. 250ஐத் தாண்டினால் விடக்கூடாது. தொற்று இருந்தாலோ வலி மாத்திரை சாப்பிட்டாலோ கூட அது ஏறும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். கொலோனோஸ்கோப்பி செய்து, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துத்தான் சொல்வார்கள்.

கேள்வி: கொலோனோஸ்கோப்பியில் புண் தெரிகிறது. ஆனால் குடல் டிபியா குரோன்ஸா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். முதலில் டிபி மருந்து சாப்பிடச் சொல்கிறார் டாக்டர். தெரியாமல் தருகிறாரோ என்று வீட்டில் சந்தேகப்படுகிறார்கள்.

சந்தேகப்பட வேண்டாம். நம் நாட்டில் இது மிகப் பெரிய குழப்பம். 1932இல் நியூயார்க்கில் டாக்டர் குரோனும் கூட இருந்தவர்களும் இந்த நோயைப் பற்றி எழுதியபோது, அவர்களும் இதை டிபியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டுமே சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தைத்தான் அதிகம் பிடிக்கும். இரண்டிலும் காய்ச்சல், மெலிவு, அடைப்பு வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் அழற்சி அணுக்கள் சேர்ந்த சிறு திரள்கள் இரண்டிலும் ஒரே மாதிரி தெரியலாம். துணுக்கில் டிபி கிருமி சிக்கினால் முடிவு தெரிந்துவிடும், ஆனால் பல பேருக்கு அது சிக்குவதில்லை.

குரோன்ஸ் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. உள்ளே இருப்பது டிபியாக இருந்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் அது உடம்பெல்லாம் பரவக்கூடும். அதனால்தான் டிபி மருந்தை முதலில் தருகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தந்தார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் கொலோனோஸ்கோப்பி செய்வதைத்தான். டிபி என்றால் அதற்குள் புண் நன்றாக ஆறத் தொடங்கியிருக்கும். ஆறவில்லை என்றால் குரோன்ஸ் பக்கம் திரும்ப வேண்டும். ‘இப்போது பரவாயில்லையே’ என்று அந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். குரோன்ஸ் உள்ளவர்களுக்கும் டிபி மருந்தில் கொஞ்ச நாள் சுமாராக இருப்பதுண்டு. அந்த நேரத்தில் குடல் உள்ளே சுருங்கிக்கொண்டே போகலாம். மருந்து சாப்பிடும்போது கண் மஞ்சளானாலோ வாந்தி வந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. அடிக்கடி வயிற்று வலி. ஆறாம் வகுப்பில் தைத்த பேன்ட் இன்னும் சரியாக இருக்கிறது. சாப்பாட்டில் அக்கறை இல்லாத பிள்ளை என்று விட்டுவிட்டோம்.

அம்மா, அந்தப் பேன்ட்டைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சில சமயம் வயிற்றுப்போக்கே இருக்காது. வளர்ச்சி நிற்பதும் பருவம் தள்ளிப்போவதும்தான் முதல் அடையாளமாக இருக்கும். பள்ளியில் வருடா வருடம் எழுதிய உயரம், எடை கிடைத்தால் எடுத்துக்கொண்டு போங்கள். குரோன்ஸ் என்று உறுதியானால், ஆறிலிருந்து எட்டு வாரம் வேறு உணவே இல்லாமல் திரவ ஊட்டச்சத்து மட்டும் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது ஸ்டீராய்டு அளவுக்கே வேலை செய்யும், வளர்ச்சியையும் கெடுக்காது. வீட்டில் எல்லாரும் தோசை சாப்பிடும்போது அவன் மட்டும் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான். அந்த வாரங்களில் நீங்களும் அவன் முன்னால் சாப்பிடாமல் இருந்தால் அவனுக்குப் பெரிய துணை.

கேள்வி: காரம் சாப்பிட்டதால்தான் வந்தது என்று மாமியார் சொல்கிறார். என்னதான் சாப்பிடுவது?

காரத்தால் இந்த நோய் வராது. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. புண் அதிகமாக இருக்கும்போது காரம் எரிச்சலைக் கூட்டும், அவ்வளவுதான்.

நோய் தலைதூக்கியிருக்கும் நாட்களில் என் சாப்பாடு இது: பச்சரிசியையும் உடைத்த பாசிப்பருப்பையும் நான்கு விசில் கூடுதலாக விட்டு, மத்தால் கடைந்து, உப்பும் அரை ஸ்பூன் நெய்யும் போட்ட கஞ்சி. தோலும் விதையும் எடுத்துக் குழைய வேகவைத்த சுரைக்காய், பீர்க்கங்காய். இட்லி, முட்டை, முள் எடுத்த மீன். பால் சேராது, தயிர் சேரும். உங்களுக்கு எது சேர்கிறது என்று நீங்களேதான் பார்க்க வேண்டும்.

குடலில் சுருக்கம் இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, சோளம், வாழைப்பூ, ஆரஞ்சுச் சுளையின் தோல் எல்லாம் போய் அடைத்துக்கொள்ளும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு கடமுடவென்று உருண்டு, முறுக்கி வலித்து, பிறகு ‘தடதட’வென்று இறங்கி வலி விடுகிறதா? அது சுருக்கத்தின் அறிகுறி. ஆனால் நன்றாக இருக்கும் நாட்களிலும் பயந்து கஞ்சியிலேயே கிடக்காதீர்கள். அப்படிக் கிடந்துதான் நான் 38 கிலோவுக்குப் போனேன்.

கேள்வி: ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்து உடைந்து சீழ் வடிகிறது. பவுத்திரம் என்று இரண்டு தடவை அறுத்தாயிற்று. திரும்பவும் வருகிறது.

பவுத்திரம் குரோன்ஸ் இல்லாமலும் வரும். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால், கூடவே வயிற்றுத் தொல்லையும் இருந்தால், குரோன்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் மூன்றாவது தடவை கத்தி வைக்க விடாதீர்கள். ‘மூலம், பவுத்திரம் ஒரே ஊசியில் குணம்’ என்று சுவரில் எழுதியிருக்கும் இடங்களுக்குப் போகவே போகாதீர்கள். வெட்டக் கூடாத தசையை வெட்டினால் மலத்தை அடக்க முடியாமல் போய்விடும். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, சீழை வெளியேற்றி, தேவைப்பட்டால் சீழ் தேங்காமல் வடிய அந்த வழியில் ஒரு நூலைக் கோத்துவிட்டு, உள்ளே மருந்தும் கொடுத்து ஆற்றுவதுதான் முறை.

கேள்வி: என் கணவர் ஒரு வருடமாக நன்றாக இருக்கிறார். அசதயோபிரின் மாத்திரையை நிறுத்திவிட்டார். சரிதானா?

டாக்டரைக் கேட்காமல் நிறுத்தியது சரியில்லை. அவர் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால் இருக்கலாம். வலி நின்றுவிட்டால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை, எனக்கு அறுவை சிகிச்சைவரை போனதே இதைப் புரிந்துகொள்ளாததால்தான். எதிர்ப்புச் சக்தியை அடக்கி, மெதுவாக வேலை செய்யும் மருந்து அது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ரத்த அணுக்கள் குறையலாம் என்பதால் முறையாக ரத்தப் பரிசோதனை வேண்டும். ஸ்டீராய்டு விஷயம் வேறு: அதை வருடக்கணக்கில் சாப்பிடக் கூடாது, ஆனால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அவர் சிகரெட் பிடிப்பவராக இருந்தால், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். குரோன்ஸை மோசமாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடலாமா?

வேண்டாம். ஐபுப்ரோஃபனும் வேண்டாம். இரண்டும் குடல் புண்ணைக் கிளறிவிடும். அவசரத்துக்குப் பாராசிட்டமால் போதும். அந்த மூட்டுவலியே குரோன்ஸின் பகுதியாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: குரோன்ஸுக்கு இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. நோய் அடங்கி சில மாதம் ஆனபிறகு கருத்தரிப்பது நல்லது. அந்த ஊசியைப் பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள். மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் பல மாதம் முன்பே அதை விட வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள், தங்கை: கர்ப்பத்தில் இந்த ஊசி போட்டிருந்தால் அது குழந்தையின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கியிருக்கலாம். பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆன டிபி தடுப்பூசி, அதனால் பிறந்தவுடன் போடும் அந்தத் தடுப்பூசியைக் குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம் தள்ள வேண்டும். பிரசவ வார்டில் வழக்கமாகப் போட்டுவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியாவிட்டால் அது அடைப்பு. குளிர் காய்ச்சலோடு ஒரே இடத்தில் வலித்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். ரத்தம் நிறையப் போனாலும், எழுந்து நின்றால் கண் இருட்டினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துவிடுகிறது. சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, நோட்டை நீட்டினால் போதும். போன வாரத்தில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘செவ்வாய். பகல் 3, ராத்திரி 1. தண்ணீராக. ரத்தம் இல்லை. சாப்பிட்ட பின் வலி, பத்துக்கு 4. பாதத்தில் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, பி12 ஊசி போட்டு ஐந்து வாரம் ஆகிறது. எடை 51.’ எனக்கு வெட்டி எடுத்த குடல் பகுதிதான் பி12 வைட்டமினை உறிஞ்சும் இடம், அதனால்தான் அந்த ஊசி. டாக்டர் அதைப் படித்துவிட்டு, மாதம் ஒன்று போட வேண்டிய ஊசியை ஏன் தள்ளினீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்.