வெயில் தோலோட நிக்கும், பிள்ளைக்கு இறங்காது

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் படிவம் 5, பயாலஜி எடுக்கிறான், நல்ல வெளுப்பு. சின்னவ படிவம் 1, அவங்க அப்பா மாதிரி கருப்பு. மாசமா இருந்தப்ப நான் குங்குமப்பூ சாப்பிடாததாலதான் பொண்ணு கருத்துட்டான்னு மாமியார் இன்னிக்கும் சொல்றாங்க. அதோட, நம்ம ஆளுங்க மூணு தலைமுறையா ரப்பர் தோட்டத்து வெயில்ல பால் மரம் வெட்டித்தான் கருத்துப் போனோம், அது ரத்தத்துலயே இறங்கிடுச்சுன்னும் சொல்றாங்க. பையன் அதெல்லாம் இல்ல, ஜீன்தான்கிறான். ஆனா 'சூழலுக்கு ஏத்த மாதிரி உயிர்கள் தங்கள மாத்திக்கிறதுதான் பரிணாமம்'னு அவனே நோட்டுல எழுதி வெச்சிருக்கான். அப்ப மாமியார் சொல்றதும் சரிதானே?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, முதல்ல குங்குமப்பூவ முடிச்சிடுறேன், ஏன்னா இந்த ஒரு பேச்சக் கேட்டுக்கிட்டே ஒரு பொம்பளப் பிள்ளை வளர்றது எனக்குத் தாங்கல. நீங்க மாசமா இருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி, கரு உண்டான அன்னிக்கே, அவளுக்கு எந்தெந்த ஜீன், அதாவது உடம்பு எப்படி அமையணும்னு அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற குறிப்பு, எதுன்னு முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் பால்ல எதப் போட்டுக் குடிச்சாலும் அது உங்க வயித்துல செரிக்கும், அவ்வளவுதான், பிள்ளையோட ஜீன்ல போய் எதையும் மாத்தாது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இந்த வரிய மாமியார் முன்னாடி சத்தமாவே படிங்க.

ஒரே வயித்துல பொறந்த ரெண்டும் ஏன் வேற வேற நிறம்னா, நமக்கு 23 ஜோடி குரோமோசோம் (ஜீனெல்லாம் கோத்திருக்கற இழை) இருக்கு, ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணுதான் பிள்ளைக்குப் போகும், எது போகும்னு ஒவ்வொரு தடவையும் புதுசா சீட்டுக் குலுக்குற மாதிரிதான், அப்படிப் பாத்தா உங்ககிட்ட இருந்து மட்டுமே 8 மில்லியனுக்கு மேல விதவிதமான சேர்க்கை வரலாம், உங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்தும் அதே அளவு. நிறத்துக்கு ஒரே ஒரு ஜீன் கிடையாது, பல ஜீன் சேர்ந்து வேலை செய்யுது. அதுல ஒண்ணு எஸ்எல்சி24ஏ5னு பேரு, கண்ணாடித் தொட்டியில வளக்குறோமே ஜீப்ரா மீன், அதுல 2005ல கண்டுபிடிச்சது. இந்த ஜீனோட வெளுப்பு வகையும் கருப்பு வகையும் ரெண்டுமே நம்ம தென்னிந்திய சனங்ககிட்ட கலந்து கிடக்கு. அதனாலதான் ஒரே குடும்பத்துல அண்ணன் ஒரு நிறம் தங்கச்சி ஒரு நிறம். இதுல யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல.

இப்ப வெயிலுக்கு வர்றேன். எங்கம்மாவும் பால் மரம் வெட்டினவங்கதான், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையச் சீவிப் பால் எடுத்தவங்க, விடியறதுக்கு முன்னாடி நெத்தியில விளக்கக் கட்டிக்கிட்டுப் போவாங்க, ஏன்னா வெயில் ஏற ஏற பால் ஓட்டம் குறைஞ்சிடும். வெட்டுறது இருட்டுல, நடக்குறது மர நிழல்ல. அப்படியே நாள் முழுக்க வெயில்ல நின்னிருந்தாலும் மூணு தலைமுறையில ஒரு இனத்தோட நிறம் கருக்காது. நம்ம தாத்தாமாருங்க தோட்டத்துக்கு வந்த அதே காலத்துல சீனவங்க பேராக்குலயும் சிலாங்கூர்லயும் ஈயச் சுரங்கத்துல இடுப்பளவு தண்ணியில கொளுத்துற வெயில்ல நின்னாங்க, அவங்க பேரப்பிள்ளைங்க அதனால கருப்பாவா பொறந்தாங்க? நாம கருப்பா இருக்கறது தோட்டத்துக்கு வந்து சம்பாதிச்சது இல்ல, கப்பல் ஏறும்போதே கொண்டு வந்தது. கடும் வெயில் அடிக்கிற நாட்டுல ஆயிரக்கணக்கான தலைமுறையா மெலனின்ங்கற கருப்பு நிறமி கூட உள்ள தோல்தான் உடம்புக்குப் பாதுகாப்பா இருந்திருக்கு, கருவுல இருக்கற பிள்ளைக்கு அவசியமான ஃபோலேட் சத்த வெயில் அழிக்காம காப்பாத்தினதும் அந்தத் தோல்தான்னு சொல்றாங்க. வெட்கப்பட அதுல என்ன இருக்கு?

எங்கம்மா வலது கையில கத்தி பிடிக்கிற இடத்துல தோல் காய்ச்சுப் போய் கல்லு மாதிரி இருக்கும். சின்ன வயசுல அத விரல் வெச்சு அழுத்திப் பாத்துக்கிட்டே இருப்பேன், அவங்களுக்கு வலிக்கவே வலிக்காது. என் கை சாதாரணமாத்தான் இருக்கு. உழைச்ச கை அவங்க கை, எனக்கு வந்தது அவங்க கருமுட்டையில இருந்த ஜீன், அந்தக் காய்ப்பு கருமுட்டைக்குப் போறதுக்கு வழியே கிடையாது. மாமியார்கிட்ட இன்னொண்ணும் கேளுங்க. நம்ம சனங்க எத்தனை நூறு வருசமா காது குத்திக்கிட்டு இருக்கோம், எந்தப் பிள்ளையாவது ஓட்டையோட பொறந்துச்சா? ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் மாமா மடியில உக்கார வெச்சு மறுபடி மறுபடி குத்தத்தானே செய்யறோம். ஜெர்மனியில வைஸ்மான்னு ஒருத்தர் இதையே எலிங்கள வெச்சுச் செஞ்சு பாத்தாரு, தலைமுறை தலைமுறையா வால நறுக்கினாரு, 900க்கு மேல குட்டி பொறந்துச்சு, அத்தனையும் முழு வாலோடதான் பொறந்துச்சு.

ஆனா எனக்கு எலிய விட பால் மரம்தான் பெரிய சாட்சி. 1876ல விக்ஹாம்னு ஒரு வெள்ளைக்காரர் பிரேசில்ல இருந்து சுமார் 70,000 ரப்பர் விதைய லண்டனுக்குக் கொண்டு போனாரு, அதுல முளைச்சதுல 22 கன்னு 1877ல சிங்கப்பூருக்கு வந்துச்சு, 9 கன்ன கோலகங்சார்ல நட்டாங்க. அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் எத்தனை மரத்த, எத்தனை ஆயிரம் தடவ பட்டை சீவியிருப்போம்! ஒரு கன்னாவது பட்டையில கோடு போட்டுக்கிட்டு முளைச்சதா? இல்ல. ஆனா பால் மட்டும் அந்தக் காலத்து மரத்த விட பல மடங்கு கூடிடுச்சு, அது எப்படி? வெட்ட வெட்ட மரம் பழகிப் பால் சுரந்துச்சா? அதுவும் இல்ல. ஆயிரம் மரத்துல நாலஞ்சு மரம் மத்தத விட அதிகமா, பால் பிடிக்கிற மங்க நெரப்பும், வேலை செஞ்சவங்களுக்கு அது எந்த மரம்னு நல்லாத் தெரியும், அந்த மரத்துல மொட்டு எடுத்து ஒட்டுக் கட்டினாங்க, நல்ல மரத்தோட நல்ல மரத்தக் கலந்து விதை எடுத்தாங்க, மத்தத விட்டுட்டாங்க. தோட்டத்துக்காரங்க வாயில இன்னும் இருக்கற ஆர்ஆர்ஐஎம் 600ங்கற ரப்பர் ரகம் அப்படி வந்த ஒட்டு மரம்தான்.

உங்க பையனோட நோட்டுல இருக்கற தப்பு இங்கதான். பால் மரத்துல மனுசன் பொறுக்கினான். காட்டுல வெயிலு, நோயி, பசி, எதிரி இதெல்லாம் பொறுக்குது. டார்வின், வாலஸ்னு ரெண்டு இங்கிலாந்து விஞ்ஞானிங்க 1858ல சொன்னது இதத்தான். வாலஸ் 1854ல சிங்கப்பூர்ல இறங்கி மலாக்கா, சரவாக்னு நம்ம பக்கத்துக் காட்டுல அலைஞ்சவர், அத நம்ம பிள்ளைங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்றதில்லங்கறது எனக்கு ஒரு மனக்குறை. தம்பி, 'தங்கள மாத்திக்கிறது'ங்கறத அடிச்சிட்டு இப்படி எழுது: ஒரு கூட்டத்துல ஏற்கனவே வித்தியாசம் இருக்கு, அந்தச் சூழல்ல எதுக்கு அதிகமா பிள்ளைங்க தங்குதோ அதோட ஜீன் அடுத்த தலைமுறையில கூடுது. தனி ஒரு உசுரு மாறுறதில்ல, கூட்டம் மாறுது. டெங்கி வந்தா தாமான்ல புகை அடிக்கிறாங்களே, கொசு மருந்துக்குப் பழகிடுச்சுன்னு எல்லாரும் சொல்றோம், ஒரு கொசுவும் பழகல, மருந்து தாங்குற ஜீன் உள்ள சில கொசு முதல்லயே இருந்துச்சு, மத்தது செத்துச்சு, இதுங்க முட்ட போட்டுச்சு.

ரத்தத்துல இறங்கினதுன்னு மாமியார் சொன்னாங்க இல்லையா, உண்மையிலயே ரத்தத்துல இறங்குற ஒண்ணு இருக்கு, தலசீமியா, ரத்தம் சரியா ஊறாத பரம்பரை நோய். அது எப்படி இறங்குதுன்னு புரியறதுக்கு, பரம்பரைக் கணக்கப் பட்டாணிச் செடியில கண்டுபிடிச்ச மெண்டல்ங்கறவர் வேணும். அவரு உருண்டைப் பட்டாணியையும் சுருங்கின பட்டாணியையும் கலந்தாரு, முதல் தலைமுறை பூரா உருண்டை. அதையே தனக்குத்தானே சேர விட்டதுல 5,474 உருண்டை, 1,850 சுருக்கம், கிட்டத்தட்ட 3க்கு 1. சுருக்கம் காணாமப் போகல, ஒரு தலைமுறை வெளிய தெரியாம ஒளிஞ்சு இருந்திருக்கு. தலசீமியாவும் இப்படித்தான் ஒளிஞ்சிருக்கும். கேரியரா இருக்கறவங்க, அதாவது அந்த ஜீன் அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தவங்க, நல்லாத்தான் இருப்பாங்க, வேலைக்குப் போவாங்க, பந்து விளையாடுவாங்க. ஒரே வகை கேரியர் ரெண்டு பேர் கல்யாணம் கட்டினா ஒவ்வொரு பிரசவத்துலயும் 4ல 1 வாய்ப்பு, பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வர்றதுக்கு. முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராதுன்னு கணக்குப் போடாதீங்க, ஒவ்வொரு தடவையும் சீட்டு புதுசாத்தான் குலுக்குறாங்க.

இவ்வளவு கெட்ட ஜீன் ஏன் இன்னும் நம்ம பக்கத்து நாடுகள்ல இவ்வளவு பேர்கிட்ட இருக்குன்னா, மலேரியாதான் காரணம். கேரியர் ரத்தம் உள்ள பிள்ளைங்க மலேரியா முத்திச் சாகாம தப்பிச்சது அதிகம், அதுங்க வளந்து பிள்ள பெத்துச்சு, ஜீன் தங்கிடுச்சு. மலேரியா வந்ததால யாரு ரத்தமும் மாறல, அப்படி ரத்தம் இருந்தவங்க பிழைச்சாங்க.

அதனால உங்க மகன்கிட்ட ஒண்ணு கேளுங்க. படிவம் 4ல தலசீமியாவுக்கு ரத்தம் எடுக்கச் சம்மதம் கேட்டுப் பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு தாள் வந்திருக்கும், கையெழுத்துப் போட்டீங்களா, ரிசல்ட் வந்துச்சா, எங்க வெச்சிருக்கான்? இல்லன்னா கிளினிக்குக்கு அழைச்சுக்கிட்டுப் போங்க. மகளுக்கும் அந்தத் தாள் வரும், மறக்காம கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.