எந்தச் சுவரிலிருந்து 3 மீட்டர்?

கேள்வி: போன வருடம் டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டின வீடு) ஒன்று வாங்கினோம். குசினியைப் பின்பக்கம் 3 மீட்டர் நீட்ட விருப்பம். அதற்குக் கவுன்சில் அனுமதி தேவையில்லை என்கிறார் பில்டர். நம்பலாமா? முன்வளவுக்கும் சீமெந்து போட்டுக் கார் விட யோசிக்கிறோம்.
– வாசகி, ஹரோ

பதில்: தங்கச்சி, பில்டர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தில் டெரஸ், செமி (ஒரு பக்கம் மட்டும் ஒட்டின) வீடுகளுக்கு மாடியில்லாமல் 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர் கவுன்சிலின் பிளானிங் பெர்மிஷன் இல்லாமல் நீட்டலாம். (ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகையே கிடையாது.) ஆனால் அளப்பது இன்றைக்கு நிற்கிற சுவரிலிருந்து இல்லை. வீடு முதலில் கட்டினபோது இருந்த பின்சுவரிலிருந்து. 1948 ஜூலை 1க்கு முந்தின வீடென்றால் அன்றைக்கு இருந்தபடி.

தோட்டத்தில் நின்று அண்ணாந்து பாருங்கோ. மேல்மாடிச் சுவர் உள்ளே நிற்க, குசினி மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்குதா? செங்கல் நிறம் மாறுதா? உள்ளே சீலிங்கில் குறுக்கே ஒரு பீம் பெட்டியடித்து மூடியிருக்கா? வரிசையில் எல்லா வீட்டுக் குசினியும் அதேபோல நீண்டிருந்தால் ஆரம்பத்திலேயே அப்படிக் கட்டியிருக்கலாம். உங்களுடையது மட்டும் என்றால், முந்தின சொந்தக்காரர் உங்கள் 3 மீட்டரில் கை வைத்துவிட்டார். அவர் ஒன்றரை எடுத்திருந்தால் மிச்சம் ஒன்றரைதான். 6 மீட்டர் வரை போக வழியுண்டு. அதற்குக் கவுன்சிலில் 'பிரையர் அப்ரூவல்' (முன் ஒப்புதல்) கேட்க வேணும், அக்கம்பக்கத்தாருக்கும் கடிதம் போகும்.

அளவில் நானும் வழுக்கினவன்தான். வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் கொட்டில் போட்டால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஊருக்கெல்லாம் பிளான் கீறின நான், என் கொட்டிலைச் சீமெந்துத் தளத்திலிருந்து அளந்தேன். நிலத்திலிருந்தல்லவா அளக்க வேணும்! கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. கூரையைக் கழற்றிப் பதினைந்து சென்டிமீட்டர் வெட்டினேன். மனைவி இன்றைக்கும் விடுகிறாள் இல்லை.

முன்வளவில் 5 சதுர மீட்டருக்கு மேல் சீமெந்து போட்டு மழைத்தண்ணியை ரோட்டுக்கு விட்டால் அனுமதி வேணும். தண்ணி உறிஞ்சும் கல்லோ கிரவலோ போட்டால் தேவையில்லை. கார் ஏற நடைபாதை விளிம்பைத் தாழ்த்த மட்டும் தனி அனுமதி வேணும்.

அளவு சரியென்றாலும் 'லோஃபுல் டெவலப்மென்ட் சர்ட்டிஃபிகேட்' (கட்டினது சட்டப்படி சரியென்று கவுன்சில் தரும் பத்திரம்) எடுத்து வையுங்கோ. விற்கும்போது வாங்குகிறவரின் சொலிசிட்டர் கட்டாயம் கேட்பார். பில்டிங் கன்ட்ரோல் (கட்டட வேலை விதிப்படி நடக்குதா என்ற சோதனை) வேறு விஷயம், அதற்கு விலக்கில்லை. பக்கத்து வீட்டுக்கு அருகில் அத்திவாரம் வெட்டுவதென்றால் 1996 பார்ட்டி வோல் (பொதுச்சுவர்) சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவியுங்கோ. பில்டருக்கு அட்வான்ஸ் குடுக்கிறது அதுக்குப் பிறகு.