நாலு பேர் கையில் ஒரே ரூட் பாஸ்வேர்டு: ஃபைலை அழித்தது யார்?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். ஆர்டர், காஸ்டிங் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. அதில் எதையும் செய்ய விடும் ரூட் (தலைமை யூசர்) பாஸ்வேர்டு ஆபீஸில் மூன்று பேருக்கும், சர்வர் பார்க்கும் வெண்டாருக்கும் தெரியும். போன வாரம் ஒரு பையரின் காஸ்டிங் ஃபைல்கள் மொத்தமாக அழிந்துவிட்டன. கேட்டால் எல்லோரும் "நானில்லீங்க" என்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? இனி என்ன செய்வது?

பதில்: போன வாரத்தது போனதுதானுங்க. நாலு பேரும் ரூட்டாகவே நுழைந்தால், சர்வர் கணக்கில் நாலு பேரும் ஒரே ஆள். எந்த ஐபியிலிருந்து (நெட்வொர்க் முகவரியிலிருந்து) நுழைந்தார்கள் என்பதை 'லாஸ்ட்' கட்டளை காட்டும். சந்தேகப்பட அது போதும், சாட்சிக்கு ஆகாது. அதை வைத்து யாரையும் வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள்.

இனிமேல் ஆளுக்கொரு யூசர். ரூட் வேலை வந்தால், ஒரு கட்டளையை மட்டும் ரூட் அதிகாரத்தில் ஓட்டித் தரும் 'சுடோ' வழியாக, அவரவர் சொந்தப் பாஸ்வேர்டில். யார், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளை என்பது உபுண்டுவில் ஆத்.லாக் ஃபைலிலும், ரெட் ஹேட் வகைகளில் செக்யூர் ஃபைலிலும் லாக்காக (பதிவாக) விழும். சுடோ 1980 வாக்கிலிருந்து இருக்கிற இலவச நிரல். இந்த அளவு வேலைக்கு லட்சக்கணக்கில் கோட்டேஷன் நீட்டுகிறவரிடம், 'இத்தனை நாள் சுடோவை ஏனுங்க போடலை?' என்று முதலில் கேளுங்கள்.

சுடோவைப் போட்டுத் தருகிறவரும் பெரும்பாலும் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் லாக்கைத் திறந்தால் "11.40, வெண்டார், சுடோ எஸ்யூ" என்று ஒரே வரி கிடக்கும்; எஸ்யூ என்றால் ரூட்டாகவே மாறிவிடும் கட்டளை. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவர் என்ன செய்தார் என்பது அதில் இராது. 'எல்லாம் செய்யலாம், எஸ்யூ மட்டும் கூடாது' என்று எழுதுவதும் வீண்; கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்லை வேறு பெயரில் நகலெடுத்து ஓட்டினால் தடை தாண்டியாயிற்று. தேவையான கட்டளைகளை மட்டும் முழுப் பாதையோடு அனுமதியுங்கள். அதில் 'விஐ' எடிட்டர் வேண்டவே வேண்டாம், அதற்குள்ளிருந்தே ரூட் ஷெல் திறக்கும். ஃபைல் திருத்த 'சுடோஎடிட்' இருக்கிறது.

பாஸ்வேர்டு கேட்காமல் சுடோ விடலாமா என்றால், ராத்திரி தானாக ஓடும் பேக்கப்புக்கு மட்டும் விடலாம். அதுவும் அந்த ஒரே ஸ்கிரிப்ட்டுக்கு (பேக்கப் கட்டளைகள் எழுதிய ஃபைலுக்கு). அந்த ஸ்கிரிப்ட்டும் அது இருக்கும் ஃபோல்டரும் ரூட் பெயரில் இருக்க வேண்டும், வேறு யாரும் எழுத முடியக் கூடாது. ஸ்கிரிப்ட்டைத் திருத்த முடிந்தவர் ரூட்டேதான். உள்ளே ஒரு வரி சேர்த்தால் போதும், ராத்திரி அது ரூட்டாக ஓடிவிடும். குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரானில், ரூட்டின் பெயரிலேயே பேக்கப்பைப் போட்டால் இந்தத் தலைவலியே கிடையாது. ஏனோ யாரும் போடுவதில்லை.

லாக் அதே சர்வரில் மட்டும் இருந்தால், ரூட் ஆனவர் அதையும் அழிப்பார். லாக்கை 'ஆர்சிஸ்லாக்' என்ற நிரல் மூலம் வேறொரு கணினிக்கு அனுப்புங்கள்; அதன் பாஸ்வேர்டு இந்த நாலு பேரிடமும் இருக்கக் கூடாது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு 180 நாள் லாக் வைக்கச் சொல்கிறது. ஆடிட்டுக்கு வருகிறவரோ 'லாக் இருக்குங்களா?' என்று கேட்டு டிக் அடித்துவிட்டு, காபி குடித்துக் கிளம்பிவிடுகிறார். வாரம் ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள்.

சுடோ அனுமதிகளை, பிழை பார்த்துச் சேமிக்கும் 'விசுடோ'வில் மட்டும் திருத்துங்கள். வேறு எடிட்டரில் ஒரு எழுத்து பிசகினாலும் சுடோ யாரையும் உள்ளே விடாமல் போகலாம். திருத்தி முடித்துச் சோதிக்கும் வரை ஒரு ரூட் திரையைத் திறந்தே வையுங்கள். எல்லாம் சரியானதும் ரூட் பாஸ்வேர்டை மாற்றி, கவரில் ஒட்டி உங்கள் பீரோவில் வைத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வழியாக ரூட் நுழைவதை அடைத்துவிடுங்கள்.

வெண்டார் மறுநாளே போன் போட்டு, "ரூட் இல்லாம சப்போர்ட் பண்ண முடியாதுங்க" என்பார். எந்தெந்தக் கட்டளை வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.