நைட்ரோ எஞ்சினை மாரி முழுக்கப் பெட்டியில் வைத்தால் உள்ளே கறள் பிடிக்காமல் பார்ப்பது எப்படி?

திருகோணமலையில் கடற்கரையோர வீடு, ரிமோட்டில் ஓட்டும் 3.5 சீசீ நைட்ரோ கார் (மெதனோலும் நைட்ரோமெத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் மாடல் கார்), ஐப்பசி தொடங்கித் தை வரை ஓட்டப்போவதில்லை, எஞ்சினுக்கு வெளியே என்ன பூசலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளி உடம்பு அலுமினியம். ஸ்பிரிட் தொட்ட துணியால் உப்பையும் மணலையும் துடைத்தால் போதும். கறள் பிடிப்பது உள்ளே இருக்கும் உருக்குப் பாகங்களில்: கிராங்க் ஷாப்ட், பிஸ்டனைப் பிடிக்கும் ஊசி, எல்லாவற்றுக்கும் முதலில் கிராங்க் ஷாப்டைத் தாங்கும் பின்பக்கப் பெயரிங். உப்புக்காற்றைவிட, எஞ்சினுக்குள் மிஞ்சிக் கிடக்கும் எரிபொருளே இதற்குப் பெரிய காரணம்.

மெதனோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். எரியும்போதும் அதிலிருந்து தண்ணீர் உண்டாகும். நைட்ரோமெத்தேன் எரிந்த கழிவில் அமிலம் உண்டு. எல்லாம் பிஸ்டனைத் தாண்டி கிராங்க் அறைக்குள் இறங்கி, பெயரிங் குண்டுகளுக்கு இடையில் தங்கிவிடும். ஆமணக்கெண்ணெய் கலந்த எரிபொருள் என்றால் மெல்லிய படலம் மிஞ்சி ஓரளவு காக்கும். முழுச் செயற்கை ஒயில் என்றால் அந்தக் காப்பு குறைவு.

ஆகவே முதல் வேலை, உள்ளே இருப்பதை எரித்துத் தீர்ப்பது. கடைசி ஓட்டம் முடிந்து எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஐடிலில் விட்டு, எரிபொருள் தாங்கியிலிருந்து வரும் ரியூப்பை விரலால் நசுக்குங்கள். சத்தம் ஒருமுறை ஏறி, எஞ்சின் நிற்கும். இதை முழு திறொட்டிலில் செய்யவே கூடாது. எரிபொருள் வறண்டு பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறும். சிரிஞ்சால் தாங்கியை வெறுமையாக்கிவிட்டு, எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்குக்குச் சூடு கொடுத்தபடியே மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். ஒரு வெடிப்பும் கேட்காமல் போகும் வரை விடாதீர்கள். பலர் தாங்கியை ஊற்றிவிட்டு எழும்பிவிடுகிறார்கள். பெயரிங் போவது அதனால்தான்.

பிறகு ஒயில். இதற்கென விற்கும் ஒயில் கிடைக்காவிட்டால் வாகனங்களின் ஓட்டோ கியருக்கு ஊற்றும் ஏ.ரி.எப் நன்றாக வேலை செய்யும். எந்தப் பெரிய வாகன உதிரிப்பாகக் கடையிலும் கேட்கலாம். டபிள்யூ.டி-40 தண்ணீரைத் தள்ளும், ஆனால் மாதக்கணக்கில் நிற்கும் படலம் அதில் மிஞ்சாது. நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகும். ஏ.ரி.எப் சிலிக்கோன் ரியூப்பில் பட்டால் ரியூப் ஊதிவிடும், உடனே துடையுங்கள்.

குளோ பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் 5 துளி, காபரேற்றரை முழுக்கத் திறந்து அதில் 8 துளி. மேலே துணியைப் போட்டுக்கொண்டு பிளக் இல்லாமலே சில விநாடி சுழற்றுங்கள். நாலு மாதம் வைப்பதென்றால் எஞ்சினின் பின்பக்க மூடியின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, பின்பக்கப் பெயரிங்குக்கு நேரே 3 துளி விடுவதே நம்பிக்கையான வழி. பிளக்கைத் திரும்பப் பூட்டி, பிளைவீலைத் திருப்பிப் பிஸ்டனை அடியில் நிறுத்துங்கள். சிலிண்டர் மேலே ஒடுங்கியது. பிஸ்டன் அங்கே நின்றால் இறுகிவிடும்.

எக்ஸோஸ்ட் வாயையும் காபரேற்றர் வாயையும் அடைத்து, சிலிக்கா ஜெல் பைகளுடன் சிப் பையில் போடுங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றினால் தாள் ஈரத்தைப் பிடித்து எஞ்சினோடு ஒட்டவைத்திருக்கும். பையை மூடும் நாளும் முக்கியம்: வாடைக்காற்று மழையோடு வரும் நாளில் மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்தே பூட்டுகிறீர்கள். கச்சான் காற்று வீசும் காய்ந்த நாட்களிலேயே வேலையை முடித்துவிடுங்கள். நடுவில் மாதம் ஒருமுறை எடுத்து, பிளைவீலைக் கையால் சில சுற்றுத் திருப்பி, மறுபடி பிஸ்டனை அடியில் நிறுத்தினால் குண்டுகள் ஒரே இடத்தில் நிற்காது.

தையில் எடுக்கும்போது பிளக்கைப் பூட்டியபடி ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். மேலே தேங்கிய ஒயில் அமுங்காது, பிஸ்டனைக் கிராங்க் ஷாப்டோடு இணைக்கும் கனெக்டிங் றொட் வளையும். பிளக்கைக் கழற்றி ஒயிலை வெளியே சுழற்றுங்கள். கையால் திருப்பும்போது மண் அரைபடுவதுபோல் உணர்ந்தாலோ, பிளைவீலுக்குப் பின்னால் மண்ணிறத் திரவம் கசிந்தாலோ பெயரிங் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் உதிரும் துகள் பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டு பெயரிங்கையும் மாற்றிய பிறகு ஓட்டுங்கள்.