இடது கை ஒன்றை வைத்து விமானம் ஓட்ட முடியுமா?

கேள்வி: என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 63. போன வருடம் பக்கவாதம் வந்ததில் வலது கையும் வலது காலும் செயலிழந்துவிட்டன. பேச்சும் கொஞ்சம் குழறும். இடது பக்கம் நன்றாக இருக்கிறது. பொழுதுபோகட்டும் என்று தம்பி தன் கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கிற மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். கீபோர்டை வைத்து ஓட்டிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் டேக்ஆஃப் எடுக்கும்போது விமானம் இடது பக்கமாக இழுத்துக்கொண்டுபோய்ப் புல்லில் இறங்கிவிடுகிறது. ‘கை போனவனுக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று எழுந்துவிடுகிறார். கடையில் விசாரித்தோம். பஸ் ஓட்டியவருக்கு ஸ்டீயரிங் மாதிரி இருக்கிற யோக்தான் சரி, பெடல், த்ராட்டில் எல்லாம் சேர்த்து ₹62,000 ஆகும் என்கிறார்கள். ₹5,000 முன்பணம் கொடுத்திருக்கிறோம். இதை வாங்கினால் அப்பாவால் ஓட்ட முடியுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: விமானம் இடது பக்கம் இழுப்பதற்கும் உங்கள் அப்பாவின் கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். செஸ்னா மாதிரி ஒற்றை இன்ஜின் விமானங்களில் ப்ரொப்பல்லர், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால், வலச்சுற்றாகச் சுற்றும். அதன் எதிர்விசையும், அது கிளப்பும் காற்று சுழன்று வந்து வாலின் இடது பக்கத்தில் மோதுவதும் சேர்ந்து, முழு த்ராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) கொடுத்ததும் விமானத்தின் மூக்கை இடது பக்கம் தள்ளும். நிஜ விமானி வலது காலால் ரடர் பெடலை மிதித்து, வாலில் உள்ள ரடர் என்ற பலகையைத் திருப்பித்தான் அதை நேராக்குகிறார். மிதிக்காவிட்டால் அவரும் புல்லில்தான் இறங்குவார். சிமுலேட்டர் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பைசா செலவில்லை. ஆப்ஷன்ஸ் மெனுவில் அசிஸ்டன்ஸ் என்ற பகுதிக்குள் போய், பைலட்டிங் என்பதன் கீழே ஆட்டோ ரடர், அசிஸ்டெட் யோக் இரண்டையும் ஆன் செய்யுங்கள். இனி விமானத்தைச் சாய்த்தாலே ரடரும் சேர்ந்து வேலை செய்யும். இழுப்பு முழுதாகப் போகாது, ஆனால் சமாளிக்கிற அளவுக்குக் குறையும். அங்கேயே ‘ஆல் அசிஸ்ட்ஸ்’ என்று ஒரேயடியாக எல்லாவற்றையும் ஆன் செய்கிற பொத்தானும் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். டேக்ஆஃப் உதவி, தரையிறங்கும் உதவி என்று எல்லாவற்றிலும் கணினியே கை வைத்தால், இத்தனை வருடம் பேருந்து ஓட்டியவருக்கு ‘வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை’ என்பது சட்டென்று தெரிந்துவிடும். அப்புறம் அவரை மறுபடி உட்கார வைப்பது கஷ்டம்.

இப்போது கடைக்காரர் சொன்ன செட். உடல் குறை உள்ள ஒருவருக்கு என்று வாய் திறந்தவுடனேயே இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் காட்டுவது இந்த வியாபாரத்தில் வாடிக்கை. வாங்குகிறவர் கைக்கு அது பொருந்துமா என்று கேட்கிற கடையை நான் அதிகம் பார்த்ததில்லை. யோக் பார்க்க ஸ்டீயரிங் போல இருக்கும், ஆனால் திருப்புவதோடு முன்னும் பின்னும் தள்ளி இழுக்கவும் வேண்டும். அதற்கு மணிக்கட்டு போதாது, தோளிலிருந்து முழுக் கையும் உழைக்க வேண்டும். நிஜ விமானியும் ஒரு கையால்தான் யோக்கைப் பிடிக்கிறார், உண்மைதான். அவருடைய இன்னொரு கை த்ராட்டிலில் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அந்தக் கை இல்லாதபோது தனி த்ராட்டிலை எதற்காக விற்கிறார்கள்?

அவருக்குத் தேவை ஒரே ஒரு ஜாய்ஸ்டிக். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. கடைகளில் அதிகம் கிடைக்கிற லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ நல்ல கருவிதான். அதன் கைப்பிடி வலது கைக்கென்று வார்க்கப்பட்டது. இடது கையால் பிடித்தால் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் மேடுதான் இருக்கும், பொத்தான்களும் எட்டாது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் என்ற மாடலின் கைப்பிடியில் கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள் உண்டு. அவற்றை மாற்றினால் அது இடது கை ஸ்டிக் ஆகிவிடும். த்ராட்டில் லீவர் அடிப்பாகத்திலேயே இருக்கிறது. கைப்பிடியைத் திருகினால் ரடர் அசையும் வசதியும் உண்டு, அதைப் பூட்டி வைத்துவிடுங்கள். வலது கைப் பழக்கக்காரர் புதிதாக இடது கையால் ஸ்டிக்கைச் சாய்க்கும்போது தன்னையறியாமல் திருகவும் செய்வார்.

பழைய ஸ்டிக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வந்தால், காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை. கணினியில் செருகி, விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘செட் அப் யூஎஸ்பி கேம் கண்ட்ரோலர்ஸ்’ என்று தேடித் திறந்து, ப்ராப்பர்ட்டீஸ் பகுதிக்குப் போங்கள். கட்டத்துக்குள் சின்னதாக ஒரு கூட்டல் குறி தெரியும். ஸ்டிக்கை விட்டதும் அது நடுவில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். நடுங்கினாலோ ஓரமாக ஒதுங்கி நின்றாலோ உள்ளே தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டி.16000எம் காந்த சென்சாரில் வேலை செய்வதால் இந்தத் தேய்மானத் தொல்லை குறைவு.

ஸ்டிக் வந்ததும் முதல் வேலை அதை மேசையோடு கட்டுவது. சிமுலேட்டருக்குள் போவதெல்லாம் பிறகு. இரண்டு கை உள்ளவர் ஸ்டிக்கை இழுக்கும்போது மறு கையால் அடிப்பாகத்தை அமுக்கிக்கொள்வார். அப்பா இழுத்தால் மொத்தக் கருவியும் எழும்பி வரும். ஒரு பிளைவுட் துண்டில் வெல்க்ரோ ஒட்டி அதில் ஸ்டிக்கை நிறுத்தி, பிளைவுட்டை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். முழங்கை மடக்கிய உயரத்தில் இருந்தால் தோள் வலிக்காது. வலது கை தொங்காமல் மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் இருக்கட்டும். செயலிழந்த கை வெகுநேரம் தொங்கினால் தோள் மூட்டு இறங்கிவிடும், பிசியோதெரபிஸ்ட்டும் இதையே சொல்வார்.

இனி கண்ட்ரோல்ஸ் மெனு. வேறு கேம்பேட் செருகியிருந்தால் முதலில் பிடுங்கிவிடுங்கள். தனக்குத் தெரிந்த கருவியைச் செருகினால் இந்த மென்பொருள் தானாகவே அதற்கு ஏலிரான் (பக்கவாட்டில் சாய்ப்பது), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), ரடர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடும். இரண்டு கருவிகள் ஒரே வேலைக்குப் போட்டி போட்டால் விமானம் காரணமில்லாமல் உதறும். ‘ஸ்டிக் பழுது’ என்று மாற்றித் தரச் சொல்லி வருகிறவற்றில் எத்தனையோ இந்தக் கேஸ்தான்.

ஸ்டிக்கின் பெயரில் ஒரு ப்ரொஃபைல் இருக்கும். அதற்கு நகல் எடுத்து ‘அப்பா இடது கை’ என்று பெயர் வையுங்கள். அதில் சென்சிட்டிவிட்டியைத் திறந்தால் சில அளவுகோல்கள் தெரியும். ஸ்டிக்கை அசைத்தால் கோட்டின்மேல் ஒரு புள்ளி நகரும், அதைப் பார்த்துக்கொண்டே மாற்றலாம். சென்சிட்டிவிட்டியை மைனஸ் 40 வாக்கில் வைத்தால் நடுப்பகுதியில் ஸ்டிக் மந்தமாகும். பழக்கமில்லாத இடது கைக்கு அதுதான் நல்லது. டெட் ஜோனை, அதாவது ஸ்டிக் லேசாக அசைந்தாலும் கண்டுகொள்ளாமல் விடுகிற நடுப்பகுதியை, கொஞ்சமாக வையுங்கள். எக்ஸ்ட்ரீமிட்டி டெட் ஜோன் என்பதை யாரும் சீந்துவதில்லை, ஆனால் கை முழுதாக எட்டாதவர்களுக்கென்றே அமைந்த வசதி அது. அப்பாவால் ஸ்டிக்கை முக்கால் தூரம்தான் சாய்க்க முடிகிறது என்றால் அதை 25 ஆக்குங்கள். அந்த முக்கால் தூரத்தையே முழு அசைவாக எடுத்துக்கொள்ளும்.

பொத்தான்களில் முக்கியமானது கைப்பிடியின் உச்சியில் உள்ள, நாலு பக்கமும் தள்ளக்கூடிய ஹேட் ஸ்விட்ச். அது முதலில் சுற்றிலும் பார்ப்பதற்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அதன் மேல், கீழ் அசைவுகளை எலிவேட்டர் ட்ரிம்முக்கு மாற்றுங்கள். ஏறும்போது ஸ்டிக்கை இழுத்தே பிடித்துக்கொண்டிருந்தால் கை சீக்கிரம் ஓய்ந்துபோகும். ட்ரிம் செய்துவிட்டால் ஸ்டிக்கை விட்டாலும் விமானம் அதே நிலையில் போகும். ஒற்றைக் கைக்காரர் ஸ்டிக்கை விட்டுவிட்டு த்ராட்டிலுக்குக் கையை நகர்த்துவதற்கு வேறு வழி கிடையாது. கட்டைவிரல் பொத்தான்களில் ஒன்றை ஆட்டோபைலட்டுக்கும், சுட்டுவிரலால் அழுத்துகிற ட்ரிகரை பிரேக்குக்கும் கொடுங்கள். இன்ஜினைத் தானாகக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டை அடிப்பாகத்தில் ஒரு பொத்தானில் வைத்துவிட்டால் கண்ட்ரோல், ஈ என்று இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய வேலை மிச்சம். விமானம் ஜி1000 என்ற டிஜிட்டல் திரை உள்ள செஸ்னா 172 ஆக இருக்கட்டும். செஸ்னா 152-இல் ஆட்டோபைலட் கிடையாது. திரையில் வேகம் 55 நாட் (விமான வேகத்தின் அலகு) ஆனதும் ஸ்டிக்கை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். 2024 பதிப்பில் மெனுக்கள் இடம் மாறியிருக்கும், தேடினால் கிடைக்கும்.

எல்லாம் முடிந்ததும் அந்தத் திரைகளை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு அமைப்புகள் குழம்பினால் அந்தப் படம் உதவும். ‘செட்டிங்ஸ் ஃபைல்’ என்று காசுக்கு விற்கிறவர்களிடமும் போக வேண்டியிருக்காது. அவர்கள் யாரும் உங்கள் அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்ததில்லை.

பெடல் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ‘ஒரு கால்தானே, பெடல் முடியவே முடியாது’ என்று யாராவது சொன்னால் அது தவறு. ரடர் பெடல்கள் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. இடது பெடலைத் தள்ளினால் வலது பெடல் பின்னால் வரும், இடதை இழுத்தால் வலது முன்னால் போகும். ஆக, இடது பாதத்தைப் பெடலோடு ஒரு வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டிவிட்டால், தள்ளினால் இடது ரடர், இழுத்தால் வலது ரடர். ஒரே காலால் இரண்டும் ஆகும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பட்டை ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும், அவசரத்துக்கு எழுந்திருக்க வேண்டுமே. நாற்காலிக்குச் சக்கரம் இருக்கக் கூடாது, மிதித்தால் ஆள் பின்னால் உருண்டுபோவார். வலது கால் பெடலில் பட்டாலே ரடர் அசையும், அதனால் அந்தக் காலைத் தள்ளி ஒரு பலகைமேல் வைக்க வேண்டும். பெடலின் நுனியை அழுத்தினால் பிடிக்கிற பிரேக் இரண்டு காலுக்கும் தனித்தனி. அதை மெனுவில் நீக்கிவிட்டு ஸ்டிக்கில் உள்ள பிரேக்கையே பயன்படுத்தலாம். ஆட்டோ ரடர், அசிஸ்டெட் யோக் இரண்டையும் மறக்காமல் ஆஃப் செய்ய வேண்டும். அப்பா நாலைந்து மாதம் ஓட்டிவிட்டு, பக்கக் காற்றில் தானே இறக்க வேண்டும் என்று கேட்டால் அப்போது பெடல் வாங்கலாம்.

குரலால் கட்டளையிடும் மென்பொருள்களும் உண்டு. பேச்சு குழறும் என்று எழுதியிருக்கிறீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும்.

எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் என்று ஒன்றைப் பற்றி யாராவது சொல்வார்கள். 2018-இல் மைக்ரோசாஃப்ட் சுமார் 100 டாலர் விலையில் கொண்டுவந்தது. தனித்தனி ஸ்விட்சுகளையும் ஸ்டிக்குகளையும் செருகிக்கொள்ளும் மையம் அது. ஸ்டிக்கையே பிடிக்க முடியாதவர்களுக்கு அருமையான கருவி. இடது கை நன்றாக இருக்கிற உங்கள் அப்பாவுக்கு அவசியமில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்று இரட்டிப்பு விலை சொல்கிற தரகர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்படியொரு கருவியைச் செய்த அதே நிறுவனத்தின் சிமுலேட்டரில், ஒற்றைக் கையால் ஓட்டுகிறவருக்கு என்று தயாராக ஒரு அமைப்பு இல்லை. நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருப்பதே அதனால்தான். நம் அரசு உதவித் திட்டங்களிலும் சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, செயற்கைக் கால் என்பதோடு யோசனை நின்றுவிடுகிறது. பக்கவாதம் வந்தவர் பொழுதுபோக்க ஆசைப்படுவார் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

முன்பணத்தைப் பற்றி. கடைக்காரர் செட்டை இன்னும் தரவில்லை என்றால், ஆர்டரை ரத்து செய்வதாக இன்றே எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் பரவாயில்லை. ரசீதைப் படம் எடுத்து அதோடு அனுப்புங்கள். அந்தத் தொகையை ஜாய்ஸ்டிக் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பார்க்கலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அப்போது வலது கை மாடலைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெட்டியைத் திறந்து மாற்றுப் பாகங்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.