பெட்டா அடியிலேயே கிடக்கிறதா? மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

2 லிட்டர் கிண்ணத்தில் விட்ட பெட்டா மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கிறது, சாப்பிடவில்லை, வாரம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் மாற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். இப்போதைக்கு மருந்து எதுவும் ஊற்றாதீர்கள்.

அவ்வளவு சின்னக் கிண்ணத்தில் கழிவும் மிச்சத் தீனியும் சேர்ந்து, மீனுக்கு விஷமான அம்மோனியா மளமளவென்று ஏறும், தண்ணீர் தெளிவாகத் தெரிவதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள், அம்மோனியாவைக் கண்ணால் பார்க்க முடியாது, தண்ணீர் சோதனைக் கிட்தான் காட்டும். ஒரேயடியாகக் கொட்டி மாற்றினால் வெப்பமும் சட்டென்று மாறி மீன் மிரண்டுபோகும். தினமும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் திரவத்தைச் சேர்த்து, பழைய தண்ணீரின் சூட்டுக்கே கொண்டுவந்து, மெல்ல ஊற்றுங்கள்.

அப்புறம் சீக்கிரமே 20 லிட்டர் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், பாவம் அது. மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் (பஞ்சு வடிகட்டி), 25 முதல் 27 டிகிரி வெப்பம், மேலே மூடி. பெட்டா மேலே வந்து காற்றை விழுங்கியும் மூச்சுவிடும், அதனால் மூடிக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். சாப்பிடாத தீனியை உடனே எடுத்துவிடுங்கள்.

வயிறு உப்பி செதில்கள் சிலிர்த்து நின்றால் மட்டும் உடனே படம் எடுத்துப் போடுங்கள், அது வேறு பிரச்சினை.